பொன்னனுக்கு நீ வெட்ட வேண்டிய முடி

மகனே,

வீட்டில் எல்லோரும் சுகம். உன் தலையும் இப்போது சுகம் என்று உன் கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டோம். நாலு பக்கக் கடிதத்தில் தோல் பதனிடும் படிப்புக்கு அரைப் பக்கம், சாப்பாட்டுக்கு அரைப் பக்கம், மீதி மூன்று பக்கமும் நீ முடி வெட்டிக்கொள்ளப் பட்ட பாடு. உன் அம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். சீமைக்குப் போன பிள்ளை அரண்மனையைப் பார்த்தேன், பனி பெய்வதைப் பார்த்தேன் என்று எழுதுவான் என நினைத்திருந்தாள். "போவட்டும், தல சுத்தமா இருக்கு இல்ல" என்று சொல்லிக் கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்கு மேல் வைத்துவிட்டாள். அவள் முக்கியமான காகிதங்களை வைக்கும் இடம் அதுதான் என்பது உனக்குத் தெரியும்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். முதல் கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் உன்னைப் பார்த்துவிட்டு, உங்கள் மாதிரி முடி வெட்டி எங்களுக்குப் பழக்கமில்லை, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிக் கதவையும் அவரே திறந்துவிட்டிருக்கிறார். ஒரு மனிதனை வாசலோடு அனுப்ப அவன் முடியின் மேல் பழியைப் போடுவது நாகரிகமான காரியம்தான். நம் பக்கத்தில் டீக்கடையில் சிலருக்குத் தனிக் குவளை வைத்திருப்பவர்கள் இவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்வதில்லை, மன்னிப்பும் கேட்பதில்லை. இரண்டாவது கடைக்காரர் உள்ளே விட்டார், வெட்டவும் செய்தார், பிறகு நீ மூன்று வாரம் தொப்பியோடு வகுப்புக்குப் போனாய். அதற்கப்புறம்தான் நீ தங்கியிருக்கும் வீட்டின் மாடியில் குடியிருக்கும் சாமுவேல், ஜமைக்காக்காரர், பஸ் கண்டக்டர், அதே கடைகளால் அதே மரியாதையோடு திருப்பி அனுப்பப்பட்டவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையில் பழைய பேப்பரை விரித்து உன்னை உட்காரவைத்து வெட்டிவிட்டார். வெட்டி முடித்ததும் கத்தரிக்கோலை உன் கையில் கொடுத்து அவர் உட்கார்ந்துகொண்டார். நீ வெட்டினாய். இப்போது ஞாயிறு தோறும் அந்தச் சமையலறையில் நாலு நாட்டுக்காரர்கள் முறை வைத்துக் காத்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "அத்தா, நான் இங்கே நாவிதர் வேலை பார்ப்பதை ஊரில் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்."

மன்னித்துக்கொள். எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஜும்மா முடிந்து பள்ளிவாசல் படியில் சொன்னேன், தோல் மண்டியில் சொன்னேன், நம் தெரு நாவிதர் கரீம் பாய் கத்தியை என் கழுத்தருகே வைத்திருந்தபோது அவரிடமும் சொன்னேன். உன் பெரிய மாமா, தெரியுமே, நம் குடும்ப கௌரவத்தைத் தினம் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத் தூங்குகிறவர், அவர் கேட்டார்: "இன்னா மாப்ள, உம்மகன் படிக்கப் போனானா, செரைக்கப் போனானா?"

"ரெண்டுக்குந்தாங்க" என்றேன்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பெருமை என்று நீ கேட்கலாம். நீ மூன்று வாரத்தில் கற்றுக்கொண்ட பாடத்தைக் கற்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. கற்ற பிறகும் நாற்பது நாளில் மறந்துபோனேன். இதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. மறதியால் அல்ல, வெட்கத்தால்.

நீ பிறப்பதற்கு முந்தைய வருடம் ஜவ்வாது மலையில் கடுக்காய் எடுக்கும் குத்தகை எனக்குக் கிடைத்தது. அப்போது தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கடுக்காய் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. காவலூருக்கு மேலே ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு தங்கினேன். இப்போது அந்தப் பக்கம் நட்சத்திரம் பார்ப்பதற்கு ஏதோ கட்டடம் எழுப்புகிறார்களாம். அன்றைக்கு அங்கே நட்சத்திரத்தைப் பார்க்கக் கட்டடம் தேவைப்படவில்லை, அண்ணாந்தாலே போதும். மற்ற எல்லாவற்றையும் பார்க்கத்தான் கீழே இறங்க வேண்டியிருந்தது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வரை மாட்டு வண்டி, அப்புறம் நடை. பாஸ்போர்ட் கேட்க ஆளில்லை என்பதைத் தவிர, எனக்கு அது வெளிநாடுதான். என் பேச்சு அவர்களுக்குச் சிரிப்பு, அவர்கள் சாமைச் சோறு எனக்குப் புதிது. மலைக்காரர்கள் விவசாயம் பார்ப்பார்கள், ஒழிந்த நேரத்தில் கடுக்காய் பொறுக்கிக்கொண்டு வந்து என் தராசில் கொட்டுவார்கள். எல்லாம் இருந்தது, ஒரு நாவிதரைத் தவிர.

நாவிதர் விஷயத்தில் நான் அதுவரை செல்லமாக வளர்ந்தவன். கரீம் பாயின் தகப்பனார் என் தகப்பனாருக்குச் சவரம் செய்தவர். கரீம் பாய் எனக்கு முடி வெட்டினார், சுன்னத்தும் அவர்தான் செய்தார். தெருப் பிள்ளைகள் அவரைக் கண்டு ஓடுவதற்கு முடி மட்டும் காரணமல்ல. தொழுகையில் நாங்கள் தோளோடு தோள் நிற்போம். வரிசை கலைந்ததும் அவர் நம் வீட்டுக்குக் கொல்லைப்புற வழியாகத்தான் வருவார். ஏன் என்று அவரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை. அப்படியொரு தெளிவான மனத்தோடு நான் மலையேறினேன்.

இரண்டு மாதத்தில் என் தலை கொட்டகையின் கூரை மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் ஒரு நாள், சந்தைக்கு முதல் நாள் காலை, ஓடைப் பாறையில் ஊர் ஆண்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்த ஊரில் அதற்கென்று தனி ஆள் இல்லை. பொன்னன் என்பவன் என் வயதுக்காரன், கடுக்காய் கொண்டுவருகிறவர்களில் மிகவும் கறாரானவன், என்னைப் பார்த்து, "இன்னா பாய், தலைல குருவி கூடு கட்டப் போவுதா? வா, குந்து" என்றான். குந்தினேன். மகனே, அப்படி ஒரு கை எனக்கு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை. கரீம் பாயிடம் இதைச் சொல்லிவிடாதே.

அடுத்த மாதம், சந்தைக்கு முதல் நாள், பொன்னன் கொட்டகைக்கு வந்து என் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினான். பக்கத்தில் ஒரு கத்தரிக்கோலை வைத்தான். வியாபாரிகளுக்கு ஒரு நோய் உண்டு. யாராவது நமக்கு ஒரு நன்மை செய்துவிட்டால், கையில் ஏதாவது கொடுத்து அவரை அப்போதே மறந்துவிட வேண்டும். நான் உள்ளே போய், பிரிக்காத மில் வேட்டி ஒன்றையும் ஒரு சோப்புக் கட்டியையும் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தேன். நல்ல காரியம் செய்த நிறைவு எனக்கு. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். எழுந்து வேட்டியையும் சோப்பையும் தராசுத் தட்டில் வைத்தான், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் ஓடைப் பாறைக்கு நான் போனால் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். கடுக்காய் மட்டும் ஒரு நாள் தவறாமல் வந்தது. வியாபாரம் வேறு, தலை வேறு என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். அதன் பிறகு நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மலையிறங்கிக் கரீம் பாயிடமே போனேன்.

உன் அம்மா கோடைக்கு மலைக்கு வந்தவள், குளிர்ச்சி நன்றாயிருக்கிறது என்று தங்கிவிட்டாள். பிரசவத்துக்குக் கீழே போக நாள் பார்த்து வைத்திருந்தோம். நீ எங்களைக் கேட்காமல் முந்திக்கொண்டாய். ஐப்பசி மழை. பொன்னன் மனைவி மாரியும் இன்னும் இரண்டு பெண்களும் வந்து உன்னை இந்த உலகத்துக்கு எடுத்தார்கள். கணவர்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை முறிவு அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. நீ நல்ல ஆரோக்கியமாக, தலை நிறைய முடியோடு இருந்தாய். அதுதான் பிரச்சினை.

ஏழாம் நாள் முடி இறக்க வேண்டும். நம் வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் அது தவறியதில்லை. மூன்றாம் நாளே ஆள் அனுப்பினேன். ஆலங்காயம் இறங்கும் பாதை இரண்டு இடத்தில் மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று அவன் திரும்பி வந்தான். கரீம் பாய் வர வழியில்லை. தள்ளிப்போட்டால் குற்றமில்லை என்று நான் உன் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் அதுவரை என்னிடம் ஒன்று கேட்டுப் பிடிவாதம் பிடித்தவள் அல்ல.

"தாய் வூட்ல பெக்கல. சொந்தம் ஒருத்தரும் பக்கத்துல இல்ல. இது ஒண்ணாச்சும் நாள்ல நடக்கட்டுங்க" என்றாள்.

ஆறாம் நாள் காலை நானே சவரக் கத்தியை எடுத்துத் தீட்டினேன். நான் கத்தி பிடித்த விதத்தைப் பார்த்து அவள் உன்னைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டாள். "புள்ள தலைங்க அது. கடுக்கா மூட்ட இல்ல" என்றாள். நான் கத்தியை மடித்துவிட்டு, ஒரு கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு பொன்னன் வீட்டுக்கு நடந்தேன்.

"இன்னா பாய், மழைல? மூட்ட நனைஞ்சி பூடுச்சா?" என்றான் பொன்னன்.

"மூட்டைக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்குப் பையனுக்கு ஏழாம் நாள். முடி எறக்கணும்."

"கீழதான் உங்க ஆளு கீறாரே."

"பாதை ஒடைஞ்சி போச்சி. அவரால வர முடியாது."

"அப்ப நான் வந்து எறக்கனா இன்னா குடுப்ப? இன்னொரு வேட்டியா?"

உள்ளேயிருந்து மாரியின் குரல் வந்தது. "கேளு, நல்லா கேளு. பாய், எங்க ஊர்ல வெட்டனவனுக்குத் திருப்பி வெட்டணும். அவ்ளோதான். அப்பதான் மச்சான். துணி குடுத்தா கூலி. ஆறு மாசமா ஊரே இவர கேக்குது, பாய் வூட்டுக் கூலிக்காரனா நீன்னு. தல நிமுந்து சந்தைக்குப் போவ முடியல மனுசனால."

மகனே, அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் என் கை நீளவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். இன்னொருவன் தலையைப் பிடித்து வெட்டுவதா, நானா, எந்த வம்சத்தில் வந்தவன் என்று ஒரு நிமிடம் நின்றேன். கோணிப்பையிலிருந்து தண்ணீர் மூக்கில் சொட்டிக்கொண்டிருந்த அந்த நிலையில் வம்சத்தைப் பற்றி யோசிக்க முடிந்தது என்றால், எனக்குள் அது எவ்வளவு ஆழமாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள். பிறகு உன் அம்மா முகம் நினைவுக்கு வந்தது.

"கத்தரிக்கோல குடு" என்றேன்.

"வெட்டத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

அவன் என் கையைப் பார்த்தான், மழையைப் பார்த்தான். பிறகு முதுகைக் காட்டிக் குந்தினான். "வெட்டு. மழைல நான் எங்க போவப் போறேன்."

இடது பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது. அதற்குச் சமமாக வலது பக்கத்தை ஏற்றினேன். அது இன்னும் ஏறியது. இப்படி இரண்டு பக்கத்துக்கும் நியாயம் வழங்கிக்கொண்டே போனதில் நடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. மாரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயையோ, கரடி கிட்ட மாட்டிக்கினவன் மாதிரி கீதே!" பொன்னன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "எப்படி கீது மே?" என்று கேட்டான். "நல்லாதான் கீது, பாக்காத வரிக்கும்" என்றாள். அந்தத் தலையோடுதான் அவன் அடுத்த சந்தைக்கு ஜமுனாமரத்தூர் போனான். துண்டு கட்டிக்கொள்ளவில்லை. யார் வெட்டியது என்று கேட்டவர்களுக்கெல்லாம் "எங்க மச்சான்" என்று சொன்னானாம்.

ஏழாம் நாள் காலை அவன் வந்தான். வெந்நீர் கேட்டான். கத்தியைத் தீட்டித் தன் முன்கையில் ஒருமுறை இழுத்துப் பார்த்தான். மரம் பிளக்கும் கை, மகனே, அந்தக் கைக்குள் உன் தலை ஒரு மாங்காய் அளவுக்கு இருந்தது. உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தாள். நீ அழவில்லை. ஒருமுறை தும்மினாய், அவன் கத்தியை எடுத்துக்கொண்டு நீ தும்மி முடிக்கும் வரை காத்திருந்தான். ஒரு கீறல் இல்லை. துடைத்து உன்னை உன் அம்மா மடியில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னான்: "மச்சான், நான் உனக்கு வெட்டனேன், நீ எனக்கு வெட்டன. அது தீந்து போச்சி. இவனுக்கு எறக்கனதுக்கு இவன்தான் வந்து எனக்கு வெட்டணும். மீச மொளைக்கட்டும், அவசரம் இல்ல. அவனுக்குப் பதிலா நீ வந்து நிக்காத. ஒரு தடவ பட்டதே போதும்."

இதோடு முடிந்திருந்தால் இதை உனக்குச் சிறு வயதிலேயே கதையாகச் சொல்லியிருப்பேன்.

பாதை சரியானதும் உன்னைக் கீழே கொண்டுவந்தோம். நாற்பதாம் நாள் விருந்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பொன்னன் ஒரு பானைத் தேனைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்து வாசற்படியோரம் நின்றான். உன் பெரிய மாமா உன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு தழும்பு இல்ல, சுத்தமா எறக்கியிருக்கான். யாரு மாப்ள எறக்கனது?" என்று கேட்டார். சபை முழுவதும் என்னைப் பார்த்தது. நான் சொன்னேன்: "ஆலங்காயத்துல இருந்து ஒரு நாவிதர், அந்த மழைலயும் சுத்து வழியா நடந்து வந்தாருங்க."

மாமா வாசலில் நின்றவனைப் பார்த்தார். "நீ மலைக்காரன்தானே, பார்த்தியா அவர?"

"பார்த்தேங்க" என்றான் பொன்னன். "நல்ல மனுசன்."

தேனை இறக்கி வைத்தான். பிரியாணி இறக்குவதற்குள் போய்விட்டான். உன் அம்மா அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை. அந்த ஆலங்காயத்து நாவிதரால் நான் பிறகு பட்டது தனிக் கதை. நம் வீட்டில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் அவரைக் கூப்பிடு என்பார்கள். இல்லாத மனிதரை எங்கே தேடுவது? முதலில் காய்ச்சலில் படுக்கவைத்தேன், பிறகு வேலூருக்குக் குடி மாற்றினேன், கடைசியில் கொழும்புக்கே அனுப்பிவைத்தேன். குத்தகை முடியும் வரை பொன்னன் கடுக்காய் கொண்டுவந்தான். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மச்சான் என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டு மறுபடி பாய் என்றான். குத்தகை முடிந்த பிறகு நான் உன்னை அந்த மலைக்கு அழைத்துப் போகவே இல்லை. நீ எத்தனையோ முறை கேட்டாய். பாதை சரியில்லை என்றேன். பஸ் விட்ட பிறகும் அதையே சொன்னேன்.

உன் கடிதம் வந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் படியில் உன் ஞாயிற்றுக்கிழமைச் சமையலறையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவன், வாய் நிற்காமல் இதையும் சொல்லிவிட்டேன். உன் பெரிய மாமா செருப்பு மாட்டுவதை நிறுத்தினார். "அப்ப அந்த ஆலங்காயத்து ஆளு?" என்றார். "அப்படி ஒருத்தரே இல்லீங்க" என்றேன். கொழும்பு வரை போன ஒரு மனிதர் அத்தோடு காலமானார். நீ அங்கே யாரும் கற்றுக்கொடுக்காமல் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாய். உன்னால்தான் எனக்கு இந்த வயதில் வாய் வந்தது. தகப்பன் மகனைப் பற்றிப் பெருமைப்படுவது உலக வழக்கம். மகனிடமிருந்து தைரியத்தைக் கடன் வாங்குவது கொஞ்சம் அபூர்வம். வாங்கிவிட்டேன்.

மறுநாள் பஸ் ஏறி மலைக்குப் போனேன். பொன்னனுக்குத் தலை நரைத்திருக்கிறது, கறார் நரைக்கவில்லை. களத்தில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தான். நான் நேராகவே சொன்னேன்: "அன்னிக்கு சபைல நான் பொய் சொன்னேன், பொன்னா."

"நானுந்தான் சொன்னேன்" என்றான். "நல்ல மனுசன்னு."

நான் குந்தி அவனோடு சாமையைக் கிளறிவிட்டேன். பிறகு உன்னைப் பற்றிச் சொன்னேன். நாலு நாட்டுக்காரர்கள் உன் முன்னால் முதுகைக் காட்டி உட்காருகிறார்கள் என்றதும் நிமிர்ந்தான். "கை எப்படி? உன் கையா?" என்று கேட்டான். "தெரியாது, ஆனா ஒரு தடவ வந்தவங்க திரும்பவும் வர்றாங்களாம்" என்றேன். "அப்ப உன் கை இல்ல" என்றான். மாரி வந்து எனக்கு மோர் கொடுத்தாள். அவளுக்குப் பழைய சிரிப்பு அப்படியே இருக்கிறது. நான் கிளம்பும்போது பொன்னன் பஸ் நிற்கும் இடம் வரை வந்தான். "புள்ள எப்ப வர்றான் மச்சான்?" என்றான்.

ஆனி மாதம் உனக்கு விடுமுறை என்று எழுதியிருந்தாய். வாணியம்பாடியில் பெட்டியை வைத்துவிட்டு மறு பஸ்ஸில் மலைக்குப் போகிறோம், உன் அம்மாவும் வருகிறாள். தாமதம் செய்யாதே, இந்தப் பதிலை எழுத எனக்கே இரண்டு மாதம் ஆகிவிட்டது. நேற்று அங்கிருந்து சந்தைக்கு வந்த ஒருவர் சொன்னார், பொன்னன் இப்போது ஓடைப் பாறைக்குப் போவதில்லையாம். காதை மூடி முடி தொங்குகிறதாம். திருப்பதிக்கு நேர்ந்துக்கினியா என்று ஊரார் கேட்டால், "இல்ல, சீமைக்கு" என்கிறானாம்.

உன் வரவை எண்ணி,
அத்தா